அஞ்சும் உயிருக்கு அடைக்கலம்

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. ‘ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி’ என்பதே நாளடைவில் ‘பொய் சொல்லி’ என்று திரிந்துவிட்டது என்பாரும் உண்டு. எது சரி என்பதைப் புலவர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால், ஒரு நாய்க்கு வீடு தேடும்போது ஒரே ஒரு பொய்கூடச் சொல்லலாகாது என்பது எங்கள் கருத்து. இக்கருத்தை நாங்கள் புத்தகத்தில் படித்துப் பெறவில்லை. நாங்களே ஒரு பொய்யைச் சொல்லி, அதன் பலனை ஒரு சிறுவனும் ஒரு நாயும் அனுபவிக்கக் கண்ட பிறகே பெற்றோம்.

‘நாங்கள்’ என்றால் யார் என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே பேருந்தில் வீடு திரும்பும் நான்கு பேர்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் மாலை, திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சாக்கடைப் பாலத்தின் அடியில் செந்நிற நாய் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. பின்னங்காலில் புண். நாங்கள் எட்டிப் பார்த்ததும் அது குரைக்கவுமில்லை, ஓடவுமில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. எங்களில் ஒருத்தியின் தந்தை ஊருக்கு வெளியே உள்ள ஒரு பிராணிகள் காப்பகத்திற்குச் சொல்லியனுப்பினார். அங்கிருந்து இரண்டு அண்ணன்மார் வலையோடு வந்து அதைப் பிடித்துச் சென்றனர். செம்பி என்று பெயர் சூட்டினோம். ‘ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம்’ என்ற பெருமிதத்தில் அன்றிரவு எங்களுக்கு உறக்கமே வரவில்லை.

காப்பாற்றுவது அத்துடன் முடிந்துவிடுவதில்லை என்பது அடுத்த சனிக்கிழமை அங்குச் சென்றபோதுதான் தெரிந்தது. காலில் மருந்து கட்டியிருந்தார்கள். கருத்தடை அறுவை முடிந்ததன் அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டியிருந்தார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆனால் செம்பி, கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தது. சுற்றிலும் எண்பது நாய்களின் குரைப்பு. மனிதர் எல்லாரும் போன பிறகே, இருட்டில் வந்து சோற்றைத் தின்கிறதாம். "இதுக்கு இங்கே உடம்பு தேறும் பாப்பா, மனசு தேறாது" என்றார் அங்கு வேலை செய்யும் அண்ணன்.

இப்படி ஒரு நாய் ஏன் அஞ்சுகிறது? யாரோ அடித்திருப்பார்கள் என்றே நாங்கள் நினைத்தோம். அடிபட்டும் இருக்கலாம்; ஆனால் அது ஒன்றே காரணமாக இருக்கவேண்டுமென்பதில்லை. பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 14-ஆவது வாரம் வரை, நாய்க்குட்டி உலகத்தோடு அறிமுகம் செய்துகொள்ளும் பருவம் என்கிறார்கள் விலங்கியல் அறிஞர்கள். அந்தச் சில வாரங்களில் மனிதரின் கை, குரல், வீட்டுச் சத்தம் ஆகியவற்றை நல்லவிதமாகக் காணாத குட்டிக்கு, பிற்காலத்தில் புதிய மனிதர் ஒவ்வொருவரும் பூதமாகத் தெரியலாம். எனவே, அச்சம் என்பது அதன் கெட்ட குணமன்று. அறிமுகமாகாத உலகத்தில் அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

அச்சத்திற்கு ஒரு மொழியும் உண்டு. வால் வயிற்றுக்கடியில் ஒடுங்கும். காது பின்னால் மடியும். உறக்கம் வராமலே கொட்டாவி விடும். உணவு இல்லாமலே உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கும். இவ்வளவும், ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்ற வேண்டுகோள். அதைக் கேட்காமல் கையை நீட்டினால் உறுமும். அதற்கும் அடங்காமல் நெருங்கினால், தப்ப வழியில்லாதபோது கடிக்கும். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று நாம் சொல்லிவருகிறோமே, அந்தப் பழமொழியை நம்பி எந்தக் குழந்தையும் அஞ்சுகிற நாயின் அருகே போகவேண்டாம்.

இதெல்லாம் இன்று எழுதுகிறோம். அன்று எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. பழைய போர்வை ஒன்றும் பிஸ்கட் பொட்டலங்களும் எடுத்துப்போய், நான்கு பேரும் கூண்டைச் சூழ்ந்து நின்று, "செம்பி, செம்பி, வாடீ கண்ணு" என்று ஒரு மணி நேரம் கூவினோம். அது இன்னும் சுருண்டது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் படித்திருக்கிறோம். அதைக் ‘கொடைமடம்’ என்று எங்கள் தமிழாசிரியை விளக்கினார். பேகனின் உள்ளம் பெரிதுதான். ஆனால், மயில் போர்வை கேட்டதா? தோகையோடு போர்வையைச் சுமந்து அந்த மயில் எப்படிப் பறந்திருக்கும்? எங்கள் அன்பும் அப்படித்தான் இருந்தது. கொடுக்க ஆசைப்பட்டதைக் கொடுத்தோம். அதற்கு வேண்டியது என்னவென்று கேட்கவில்லை.

காப்பகத்திற்கு நாய் எடுக்க வருபவர்களை ஒரு மாதம் கவனித்தோம். வந்தவர்களில் பாதிப்பேர், "லாப்ரடார் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றதும் திரும்பிப் போனார்கள். நாட்டு நாயை எடுக்கச் சம்மதித்தவர்களும், வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடிவந்த நாயையே எடுத்தார்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர்பெற்ற நாய்களைத் தந்த நாடு நம் நாடு. ஆயினும், பெயரில்லாத தெரு நாய்க்கு, அதிலும் முகத்தைச் சுவரில் புதைத்துக்கொண்ட நாய்க்கு, யார் வருவார்கள்?

எனவே ஒரு விளம்பரம் எழுதினோம். "அழகிய செந்நிற நாய். சாதுவானது. குழந்தைகளிடம் அன்பாகப் பழகும்" என்று எழுதி, அனுமதி பெற்றுச் சில கடைகளில் ஒட்டினோம். செம்பி ஒரு குழந்தையிடமும் பழகியதில்லை. அது எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம்.

ஒரு வாரத்தில் ஒரு குடும்பம் வந்தது. மாடி வீடு, இரண்டு சிறுவர்கள். செம்பி கட்டிலுக்கடியில் புகுந்து இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் இளையவன் அதைத் தூக்கிக் கொஞ்ச நினைத்து, உள்ளே கையை விட்டு இழுத்திருக்கிறான். பல் பட்டுக் கையில் தோல் கிழிந்துவிட்டது. அந்த அம்மா புத்திசாலி. உடனே குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஊசி போட்டார். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவர் எச்சரிக்கையைக் கைவிடவில்லை. அன்று மாலையே செம்பி கூண்டுக்குத் திரும்பியது.

செய்தி பள்ளிக்கும் வந்தது. நாங்கள் அழுதுகொண்டு சிஸ்டரிடம் போனோம். சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. "என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? அந்த வீட்டுக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னார். போனோம். "பயந்த நாய்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேற நாயை எடுத்திருப்பேன். இல்லேன்னா பிள்ளைகளை எட்ட வச்சிருப்பேன். ஏம்மா மறைச்சீங்க?" என்றார் அந்த அம்மா. எங்களிடம் பதில் இல்லை. கையில் கட்டோடு நின்ற சிறுவன், "செம்பி சாப்பிட்டுதா அக்கா?" என்று கேட்டான். அவர்கள் நல்லவர்கள்; நல்ல வீடு. ஆனால் செம்பிக்கு ஏற்ற வீடன்று. அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, உண்மையை மறைத்ததன் மூலம் அவர்களிடமிருந்தும் செம்பியிடமிருந்தும் பறித்தவர்கள் நாங்கள்.

இரண்டாவது விளம்பரத்தை எழுத எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. அதை இங்கே அப்படியே தருகிறோம்:

"பெண் நாய். நாட்டு நாய். பெயர் செம்பி. வயது ஏறக்குறைய 2. கருத்தடை அறுவை ஆகிவிட்டது, தடுப்பூசி போட்டாயிற்று. மனிதரைக் கண்டால் அஞ்சும். கையை நீட்டினால் பின்வாங்கும். வழியில்லையென்றால் கடிக்கும், ஒரு முறை கடித்திருக்கிறது. பட்டாசுச் சத்தம் ஆகாது. மற்ற நாய்களோடு சண்டையிடாது. சிறு குழந்தைகள் இல்லாத, சுற்றுச்சுவர் உள்ள, அவசரமில்லாத வீடு வேண்டும். ஒத்துவராவிட்டால் காப்பகம் எப்போது வேண்டுமானாலும் திருப்பி ஏற்றுக்கொள்ளும்."

"இதைப் படிச்சிட்டு எவன் பாப்பா எடுப்பான்?" என்று மளிகைக்கடை அண்ணாச்சி சிரித்தார். இரண்டு மாதம் அவர் சிரித்ததே சரியாயிற்று. ஆனால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வகுப்பு, பேருந்து நடத்துனர், பால்காரர், ஊரிலுள்ள சித்தப்பா, பெரியம்மா என்று கண்டவரிடமெல்லாம் போய்ச் சொன்னோம்.

லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டில் ஒரு பசு, மணி என்ற கிழட்டு நாய், கொல்லைப்புறம், சுற்றிலும் மதில். வந்தவர் கூண்டுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. கூண்டுக்குச் சற்றுத் தள்ளி, செம்பிக்குப் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, கொண்டுவந்த முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்தார். போகும்போது அவித்த முட்டைத் துண்டு ஒன்றைக் கூண்டுக்குள் போட்டுவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது வாரம், பாட்டி அங்கே இருக்கும்போதே செம்பி எழுந்து வந்து முட்டையைத் தின்றது. நாங்கள் கை தட்டப் போனோம். பாட்டி விரலை உதட்டில் வைத்தார்.

அழைத்துச் செல்வதிலும் பாட்டி அவசரப்படவில்லை. அஞ்சும் நாய் புது இடத்தில் முதல் சில நாள்களில்தான் தப்பியோடும் என்று காப்பகத்து அண்ணன் எச்சரித்திருந்தார். மூடிய கூண்டில் வைத்து, சரக்கு ஆட்டோவில் ஏற்றி, மதிற்கதவைப் பூட்டிய பிறகே கூண்டைத் திறந்தார்கள். கழுத்துப் பட்டைக்கு ஒரு கயிறு, மார்புப் பட்டைக்கு ஒரு கயிறு என இரண்டு. மாட்டுக்கொட்டகை மூலையில் ஒரு சாக்கு விரித்து, அதையே செம்பியின் இடமென்று விட்டுவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "ஒரு மாசத்துக்கு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, கண்ணுகளா. அதுக்குப் புது முகம் நான் ஒருத்தி போதும்" என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கு வருத்தம்தான். கண்டெடுத்தவர்கள் நாங்கள், பெயர் வைத்தவர்கள் நாங்கள். எங்களையே வராதே என்பதா? ஆனால், செம்பிக்கு நாங்கள் செய்த உதவிகளிலேயே பெரியது அந்த ஒரு மாதம் போகாமல் இருந்ததுதான் என்று இப்போது நினைக்கிறோம்.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். "மனிதப் பிள்ளைகளே தெருவில் நிற்கும் நாட்டில், நாய்க்கு வீடு தேட வேண்டுமா? நாய்க்கடியால் சாகிறவர்களைப் பற்றி நினைத்தீர்களா?" நியாயமான கேள்வி. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. கடிபடுகிறவர்களில் குழந்தைகள் பலர். அதனால்தான் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட 2001-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது; 2023-இல் அவற்றைத் திருத்திப் புதிய விதிகள் வெளியிட்டது. எல்லாத் தெரு நாய்க்கும் வீடு தேட முடியாது, தேடவும் தேவையில்லை. ஆனால் காப்பகத்திற்கு வந்துவிட்ட நாயைத் தகாத வீட்டில் தள்ளினால், கடிபடுவது யார்? மீண்டும் ஒரு குழந்தைதான். ஆகவே, அஞ்சும் நாயை உண்மை சொல்லி உரிய இடத்தில் சேர்ப்பது நாய்க்கு மட்டும் செய்யும் உபகாரமன்று.

இக்கேள்வி இப்போது இன்னும் பெரிதாகியிருக்கிறது. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் முதலிய வளாகங்களிலிருந்து தெரு நாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் சேர்க்கவேண்டுமென 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிடித்துச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. கூண்டுக்குள் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் நாய்க்கு அடுத்த நாள் என்ன? காப்பகம் வழியிலுள்ள சத்திரம் போன்றது. சத்திரத்திலேயே ஆயுள் முழுதும் கழிப்பது யாருக்கும் நல்வாழ்வாகாது.

நம் முன்னோர் இதில் நமக்குப் பின்தங்கியவர்கள் அல்லர். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, வாயில்லாப் பிராணிகளுக்காக ஓயாமல் வாதாடினார். அதன் விளைவாக 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் ‘புளூ கிராஸ்’ சங்கத்தைத் தொடங்கினார். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தின் மூலம், உயிரினங்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசியல் சட்டத்திலேயே சேர்ந்தது. குடிமையியல் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அவ்வரியை, நாங்கள் கூண்டின் முன்னால்தான் புரிந்துகொண்டோம்.

பெற்றோர்களே! பிறந்தநாள் பரிசாக நாயை வாங்கித் தராதீர்கள். நாய் எடுக்க விரும்பினால், முதல் நாளே முடிவு செய்யாமல் மூன்று முறையாவது போய்ப் பாருங்கள். அதன் குறைகளை நீங்களே கேளுங்கள். நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள், அமைதியான வீடிருந்தால் சில வாரங்கள் மட்டும் வைத்துப் பழக்கித் தரலாம். எண்பது நாய்களின் இரைச்சலில் தெரியாத அதன் உண்மைக் குணம் அப்போதுதான் வெளிப்படும். வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதுவான நாய் இருந்தால் இன்னும் நல்லது.

தோழியரே! அஞ்சும் நாயைக் கண்டால் சூழ்ந்துகொள்ளாதீர்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டில் அமருங்கள். அது வந்தால் வரட்டும். வராவிட்டால், அன்றைக்கு அது வரவில்லை, அவ்வளவே. பல் பட்டுவிட்டால் திட்டு விழுமென்று வீட்டில் மறைக்காதீர்கள். பொய்யின் விலை அங்கே உயிராகவும் இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து, பாட்டியின் அனுமதியோடு போனோம். மதிலுக்கு வெளியேயிருந்து பார்த்தோம். பாட்டி திண்ணையில் அமர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். மணி அவர் காலடியில் உறங்கியது. இரண்டு முழம் தள்ளி செம்பி படுத்திருந்தது. அதன் முகம் சுவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து கொட்டகைக்குள் போய்ப் பசுவின் பின்னால் மறைந்துகொண்டது. வாலை ஆட்டவில்லை. எங்களை அடையாளம் கண்டதாகவும் தெரியவில்லை. "பட்டாசு வந்தா மறுபடி பயப்படும். பயந்துட்டுப் போகட்டும், ஒளியறதுக்குத்தான் இடம் இருக்கே" என்றார் பாட்டி. நாங்கள் உள்ளே போகாமலே, கொண்டுபோன முட்டைகளைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

இன்றும் அந்தக் காப்பகத்தில் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் நாய்கள் மூன்று உள்ளன. அவற்றுக்கான விளம்பரங்களை எழுதிக்கொண்டிருக்கிறோம்; கடித்ததையும் சேர்த்தே எழுதுகிறோம். பழமொழியில் எந்தப் பாடம் சரியோ, எங்களுக்கு ஒரு பாடம் போதும். பொய் சொல்லாதீர்கள். ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லுங்கள். அந்த ஆயிரத்தில், கீரை ஆய்ந்துகொண்டு காத்திருக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

— நால்வர் சார்பில், மாணவி ஒருத்தி,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு